லேபிளில் நான் அடித்த வரி

பேட்டையில் தயாராகும் ஓர் ஆசிட் கேனின் லேபிளில் அச்சாகியிருக்க வேண்டிய எச்சரிக்கையை என் பேனாவால் அடித்து நீக்கியவன் நான். அந்த வரி இல்லாத கேனை வாங்கிய ஒரு பெண்ணின் நுரையீரல் கெட்டுப்போனது. அவர் வழக்குப் போட்டபோது, தயாரிப்பாளரின் வழக்கறிஞராக நின்று அவரைத் தோற்கடித்தவனும் நானே.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவங்களை எழுதித் தரும்படி வழக்கறிஞர் சங்கத்தில் கேட்டார்கள். நான் ஜெயித்த வழக்குகளைத்தான் அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். இதுவும் நான் ஜெயித்த வழக்குதான். இதில் வரும் மூன்று பேரை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: கேனைத் தயாரித்தவர், அதை வாங்கியவர், வாங்கியவருக்காக வாதாடியவர். அந்த மூவருக்கும் குறுக்கே நின்ற ஆளாக என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

மைதீன் பாய் பேட்டையில் ஒரு சின்ன ஷெட் வைத்திருந்தார். கழிப்பறை கழுவும் ஆசிட்டைக் கேன்களில் அடைத்து, அம்பாசமுத்திரம் முதல் திருச்செந்தூர் வரை கடைகளுக்குப் போட்டார். பிளீச்சிங் பவுடரையும் மூட்டையாக வாங்கிப் பொட்டலம் கட்டி விற்றார். வாடகை ஒப்பந்தமோ, வரி நோட்டீஸோ, எதுவானாலும் என்னிடம்தான் வருவார். ஒருநாள் மத்தியானம் புது லேபிளின் அச்சுப் படியோடு வந்தார். அதில் அவரே புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘பிளீச்சிங் பவுடருடன் சேர்க்கக் கூடாது. விஷவாயு உண்டாகும்.’

“இது எதுக்கு பாய்?” என்று கேட்டேன்.

“நம்ம ஷெட்டுல ஒரு காரியம் நடந்துபோச்சு சார். பவுடரு கெடந்த டிரம்ம கழுவாம ஒருத்தன் அதுலயே ஆசிட்ட ஊத்திட்டான். மஞ்சளும் பச்சையுமா ஒரு பொகை. மூணு பேரு வெளிய ஓடியாந்து மண்ணுல விழுந்தாங்க. அல்லா காப்பாத்துனான். இத்தன வருசமா ஆசிட்டுலயே கெடக்கேன், எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். வாங்குத சனத்துக்கு எங்க தெரியப் போவுது? பவுடரு யாவாரத்த அன்னைக்கே நிறுத்திட்டேன். ஆனா சனங்க வேற எடத்துல பவுடரு வாங்குவாங்கல்லா?”

ஒரு வியாபாரி தன் சரக்கின் ஆபத்தைத் தானே முன்வந்து சொல்கிறார். அந்த இடத்தில் நான் எழுந்து அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் பேனாவை எடுத்தேன்.

“பாய், இத அச்சடிச்சா உங்க சரக்குல விஷம் வரும்னு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. நாளைக்கு எவனாவது இருமினாலும் இந்தக் கேனத் தூக்கிக்கிட்டு கோர்ட்டுக்கு வருவான். ‘ஆபத்தானது, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்’ போதும். எல்லாக் கம்பெனியும் அதான் போடுதான்.”

அவர் தயங்கினார். “அப்பம் வேண்டாங்கிதியளா?”

“வேண்டாம்.”

“நீங்க படிச்ச ஆளு. சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று படியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இதில் எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். கெட்ட எண்ணம் வந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். பழக்கம் வந்தால் தெரியாது. போலீஸ் கூப்பிட்டால் வாயைத் திறக்காதே, எதிராளி கேட்டால் எழுதிக் கொடுக்காதே என்று கட்சிக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி, வாயை மூடுவதுதான் பாதுகாப்பு என்று என் மனத்தில் ஊறிப்போயிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவனுக்குச் சொல்ல வேண்டிய அறிவுரையை ஓர் ஆசிட் கேனுக்குச் சொல்லிவிட்டேன். வழக்கறிஞரைத் தவிர வேறு யாருக்கும் அப்படிச் சொல்லத் தோன்றியிருக்காது.

சில வருடங்கள் போயின. குலசேகரன்பட்டினத்தில் தசரா முடிந்த மறுநாள் நடந்தது அந்தச் சம்பவம்.

அங்கே தசராவுக்கு வேஷம் கட்டி வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். காளி, குறவன், ராஜா, கரடி என்று ஊர் நிறைய வேஷம். வெளியூர்க் குழுக்களுக்கு அக்கம்பக்கத்து வீடுகளை வாடகைக்கு விடுவார்கள். சூரசம்ஹாரம் முடிந்ததும் எல்லோரும் வேஷத்தைக் கழுவிவிட்டுக் கிளம்புவார்கள். எண்ணெயில் குழைத்த கறுப்பும் சிவப்பும் குளியலறைத் தரையிலும் சுவரிலும் அப்படியே பிடித்துக்கொள்ளும். அந்தச் சாயத்தைப் போக்கிக் கொடுப்பது பேச்சியம்மாளின் தொழில். வீட்டுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, ஆசிட்டும் பவுடரும் தன் காசிலேயே வாங்கி, வீடுவீடாகப் போவார். ஊரில் அவரைப் போல இன்னும் பல பெண்கள் அந்த வேலை செய்தார்கள்.

அன்று ஒரு வீட்டில் சாயம் எதற்கும் மசியவில்லை. வீட்டுக்காரர்கள் சாயங்காலத்துக்குள் முடிக்கச் சொல்லியிருந்தார்கள். தரையில் பவுடரைத் தூவி, அதன்மேல் மைதீன் பாயின் ஆசிட்டை ஊற்றினார். தெறித்து வெளியே போகக் கூடாது என்று கதவையும் சாத்திக்கொண்டார். அதே தெருவில் வேறொரு வீட்டைக் கழுவிக்கொண்டிருந்த அவருடைய பக்கத்து வீட்டு மதினி, இருமல் சத்தம் கேட்டு ஓடி வந்து, கதவைத் தள்ளி அவரை வெளியே இழுத்துப் போட்டார். உயிர் தப்பியது. ஆனால் அதற்குப் பிறகு அவரால் ஒரு குடம் தண்ணீர் தூக்கிக்கொண்டு பத்தடி நடக்க முடியவில்லை. அடுப்புப் புகை, சாம்பிராணி, கற்பூரம் எதுவும் ஆகாது. வேலை போனது.

பாளையங்கோட்டையில் ஓர் இளம் பெண் வழக்கறிஞர் அவருக்காக நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டார். பள்ளி ஆசிரியர்களின் மகள், தொழிலுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. அவர் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

சட்டத்தை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதைச் சுற்றித்தான் நடந்தது. முன்பெல்லாம் தயாரிப்பாளரின் கவனக்குறைவை நிரூபித்தால்தான் இப்படிப்பட்ட வழக்கு நிற்கும் என்று பழகியிருந்தோம். பொருளால் நேரும் தீங்குக்கான பொறுப்பு என்று புதிய நுகர்வோர் சட்டம் கொண்டுவந்தது வேறு. தயாரிப்பாளர் நல்லவரா, கவனமானவரா என்று அது கேட்பதில்லை. பொருளைத் தவறாகக் கையாண்டால் நேரும் ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கை பொருளோடு வந்ததா, இல்லையா? இல்லை என்றால் பொறுப்பு அவருடையது. தப்பிக்க ஒரு வாசல் உண்டு. ஆபத்து வெளிப்படையானது, பயன்படுத்துகிறவருக்குப் பொதுவாகத் தெரிந்தது என்றால் எச்சரிக்கை வேண்டியதில்லை. கத்தி வெட்டும் என்று கத்தியில் எழுத வேண்டாம் அல்லவா? நான் அந்த வாசலில் போய் நின்றேன். ஆசிட் ஆபத்து என்பது ஊருக்கே தெரியும் என்பதுதான் என் ஒரே வாதம்.

நுகர்வோர் வழக்குகள் பெரும்பாலும் எழுத்து வாக்குமூலத்தோடு முடிந்துவிடும். நான் மனுப் போட்டுப் பேச்சியம்மாளைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வாங்கினேன். அவர் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறி வந்தார். கூண்டில் உட்கார நாற்காலி போட்டார்கள்.

“ஆசிட் ஆபத்தான பொருள்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“இது என்ன கேள்வி சார்? கையில பட்டா வெந்துரும்லா. அதாம் ரெண்டு கையிலயும் பால் கவர மாட்டி, சணலக் கட்டிக்கிட்டு ஊத்துனேன்.”

“எவ்வளவு காலமா தெரியும்?”

“கெட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து தெரியும். எங்க மாமியா மொதல்ல என் கையில குடுத்ததே ஆசிட்டுப் பாட்டில்தான்.”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நான் பயின்ற அலுவலகத்தில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். வேண்டிய பதில் கிடைத்த கணத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். கையில் கவர் மாட்டியவருக்கு ஆசிட் தோலைச் சுடும் என்று தெரியும். பவுடரோடு சேர்ந்தால் காற்றே விஷமாகும் என்பது அவருக்குத் தெரியாது. அது அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். மைதீன் பாய்க்கே தெரியாமல் இருந்த விஷயம் அது. பதிவில் ஏறியது, ‘ஆசிட் ஆபத்தானது என்று எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும்’ என்ற ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை வைத்து நான் ஜெயித்தேன்.

தீர்ப்பு வந்த அன்று வராந்தாவில் அந்த இளம் வழக்கறிஞர் என்னை நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“நல்ல குறுக்கு விசாரணை சார். ஒரு சந்தேகம். அடுத்த கேள்விய ஏன் கேக்காம விட்டீங்க?”

“எந்தக் கேள்வி?”

“பவுடரோட சேத்தா வாயு வரும்னு தெரியுமான்னு. அவங்க தெரியும்னு சொல்லியிருந்தா கேஸ் அங்கனயே முடிஞ்சிருக்கும்லா. ஜெயிக்க வந்த வக்கீல் அதக் கேக்காம இருப்பாரா? நீங்க கேக்கல. பதில் என்னன்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு.”

நான் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நகரப் பார்த்தேன். அவர் விடவில்லை.

“மறு விசாரணையில நான் கேட்டிருக்கணும். நீங்க உக்காந்த அழகப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன். அது என் தப்பு. பேச்சியம்மா அக்காகிட்டயும் சொல்லிட்டேன்.”

நான் அந்த வராந்தாவில் முப்பது வருடங்களுக்கு மேல் நடந்தவன். ஒரு வழக்கறிஞர் தோற்ற அன்றே தன் கட்சிக்காரரிடம் போய் ‘தப்பு என்னுடையது’ என்று சொன்னதை அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. கட்சிக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“‘நீ சின்னப்பிள்ள, பெறவு கத்துக்கிடுவ. இப்பம் மேல போவ முடியுமா, அதச் சொல்லு’ன்னாங்க.”

மேலே போனார்கள். மதுரையில் மேல்முறையீடு. அதில் அந்த இளம் வழக்கறிஞர் அனுமதி வாங்கி, தயாரிப்பாளர் உறுதிமொழியோடு பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டு கேள்விகள் அனுப்பினார். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் விஷவாயு உண்டாகும் என்பது உமக்கு எப்போது தெரிந்தது? தெரிந்த பிறகும் லேபிளில் அதைச் சொல்லாதது ஏன்?

அவ்வளவு சுத்தமான கேள்விகளை நான் அதிகம் பார்த்ததில்லை. தப்பி ஓட இடமே இல்லை. ஆனாலும் நான் இடம் கண்டுபிடித்தேன். ‘எங்கள் பொருளைப் பற்றி எந்த வாடிக்கையாளரிடமிருந்தும் இதுவரை இத்தகைய புகார் வந்ததில்லை’ என்று பதில் எழுதி வைத்தேன். அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. ஷெட்டில் விழுந்தவர்கள் வாடிக்கையாளர்கள் அல்லவே.

மைதீன் பாய் என் அலுவலகத்தில் உட்கார்ந்து அதை எழுத்துக் கூட்டுகிறவரைப் போல மெதுவாகப் படித்தார். மறுபடியும் படித்தார்.

“இதுக்கு நான் சத்தியம் வச்சுல்லா கையெழுத்துப் போடணும்?”

“ஆமா பாய்.”

“இதுல ஒரு எழுத்தும் பொய் இல்ல. ஆனா படிக்கிறவனுக்கு, நம்ம ஷெட்டுல எவனும் இருமுனதே இல்லன்னுல்லா தோணும்?”

“அதுக்குத்தான பாய் இப்படி எழுதுறது” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. தாளை மேசையில் வைத்து மெல்ல என் பக்கம் தள்ளினார்.

“அந்தம்மா படியேறி வந்தத அன்னைக்குப் பாத்தேன் சார். கையில கவரு மாட்டுனேன்னு சொன்னாங்கள்லா, அத என்னால தாங்க முடியல. கவனமா இருந்திருக்காங்க. எதுக்குக் கவனமா இருக்கணும்னு நாமதான் சொல்லல. அவங்களுக்கு எங்கிட்ட ஒரு ஹக்கு இருக்கு, அவங்களுக்குச் சேர வேண்டிய பாத்தியத. அதக் குடுக்காம நான் மவுத்தாப் போனா, அங்க போயி எந்த வக்கீல வைக்கது?”

“உண்மையைச் சொன்னா தோப்போம் பாய். ஷெட்டு நிக்குமான்னு தெரியாது. உங்கள நம்பி இருக்கிற ஆளுங்கள நெனச்சுப் பாருங்க.”

“நெனச்சுட்டுத்தான் வந்தேன். எங்க மச்சானும் இதத்தான் கேட்டாரு, ‘உமக்குப் புத்தி பெசகிட்டா வே’ன்னு. மொத கேள்விக்கு, இந்த நாள்ல தெரியும்னு எழுதுங்க. ரெண்டாவதுக்கு, தப்புப் பண்ணிட்டேன்னு எழுதுங்க.”

நான் அவரைப் பார்த்தேன். “ரெண்டாவதுக்குப் பதில் அது இல்லியே பாய். அந்த வரிய அடிச்சது நான்.”

“நீங்க சொன்னிய. கேட்டது நான்தான? எனக்குப் புத்தி எங்க போச்சு? உங்களுக்கு ஒரு பேரு இருக்கு, அத எதுக்குக் கெடுத்துக்கிடணும்? வேண்டாம், விடுங்க.”

அவர் அப்படிச் சொன்னதும் எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. இதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். ‘சரி பாய், உங்க இஷ்டம்’ என்று அவரை அனுப்பிவைத்தேன். அன்று வயிறார மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டதுகூட நினைவிருக்கிறது.

நிம்மதி நீடிக்கவில்லை. பதிலைத் தட்டச்சுக்குக் கொடுக்க உட்கார்ந்தபோதுதான் அது எப்படித் தொனிக்கும் என்று பார்த்தேன். ‘தெரிந்தும் லேபிளில் போடவில்லை, தவறு செய்துவிட்டேன்.’ படிக்கிற யாருக்கும், காசுக்காக மறைத்த ஒரு வியாபாரி மாட்டிக்கொண்டதும் ஒப்புக்கொள்கிறான் என்றுதான் தோன்றும். எச்சரிக்கையைத் தன் கையால் எழுதிக்கொண்டு வந்த ஒரே ஆசிட் வியாபாரி, ஆபத்தை மறைத்தவர் என்ற பெயரோடு பேட்டைக்குத் திரும்பிப் போவார். நான் கறுப்புக் கோட்டோடு அவர் பக்கத்தில் நிற்பேன்.

இங்கே தொழில் சம்பந்தமாக ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். கட்சிக்காரருக்கும் நமக்கும் நடந்த பேச்சை வெளியே சொல்ல நமக்கு உரிமை கிடையாது. மனச்சாட்சி குத்துகிறது என்பதெல்லாம் காரணம் ஆகாது. அந்த உரிமை அவருடையது. அதனால் நான் பேட்டைக்குப் போனேன். ஷெட் வாசலில் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார். அவருடைய சம்மதத்தைக் கேட்டேன். வேண்டாம் வேண்டாம் என்றார். ‘பாய், அந்தம்மா ஹக்க நீங்க குடுக்கிய. எனக்கும் குடுக்கதுக்கு ஒண்ணு இருக்குல்லா’ என்று சொன்னபின்தான் சம்மதித்து எழுதித் தந்தார். வக்காலத்தை விட்டு விலகினேன். வேறு ஒருவரை அவருக்கு அமர்த்தினோம். அந்த எச்சரிக்கையைத் தயாரிப்பாளர் தாமாகவே சேர்த்திருந்தார், அச்சடித்தால் அது ஒப்புதல் ஆகிவிடும் என்ற என் ஆலோசனையால் நீக்கினார் என்று நான் சாட்சியாக உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்தேன்.

கோர்ட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் அடுத்த நாளே பேச்சு கிளம்பிவிட்டது. “வே, பாத்துப் பேசும். இங்கன சொல்லுதத நாளைக்கு மதுரையில போயி சாட்சி சொல்லிருவாரு” என்று ஒருவர் என் காதுபடச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் டீ சிந்தச் சிரித்தார்கள். பேட்டைப் பக்கத்துக் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக வழக்குக் கட்டுகளைத் திரும்ப வாங்கிப் போனார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தன் வழக்கறிஞர் ஒருநாள் சாட்சியாக மாறலாம் என்று நினைத்தால் யார்தான் வருவார்கள்? ஓய்வு என்று சொல்லிக்கொள்கிறேன். அது அப்படித்தான் ஆரம்பித்தது.

மதுரையில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேச்சியம்மாள் வரவில்லை, பயணம் முடியாது. அந்த இளம் வழக்கறிஞர் என்னைப் பற்றிச் சொல்ல எழுந்தபோது என்னைக் கிழிக்கப் போகிறார் என்று தயாராக இருந்தேன். கிழித்திருந்தால் நியாயம். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

“இந்த ஆபத்து எல்லாருக்கும் தெரிந்தது என்று கீழே வாதாடினார்கள்” என்றார். “எல்லாருக்கும் தெரிந்ததை அச்சடித்தால் அது எப்படி ஒப்புதல் ஆகும்? கத்தி வெட்டும் என்று எழுத எந்தக் கத்திக்காரரும் வழக்கறிஞரிடம் கேட்பதில்லை, எந்த வழக்கறிஞரும் அதை அடிப்பதும் இல்லை. அந்த வரியை அடித்ததே, இது யாருக்கும் தெரியாத ஆபத்து என்பதற்குச் சாட்சி.”

அதோடு உட்கார்ந்தார். உட்கார வேண்டிய இடம் அவருக்கும் தெரிந்துவிட்டது. என் வாசலை, என் பேனாவை வைத்தே சாத்திவிட்டார். தோற்கும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்து கை தட்ட வேண்டும்போல இருந்தது எனக்கு.

பேச்சியம்மாள் ஜெயித்தார். தீர்ப்பில் என்னைப் பற்றி இரண்டே வரிகள்தான். எச்சரிக்கையை யார் நீக்கச் சொன்னது, தயாரிப்பாளரின் மனம் நல்லதா என்பதெல்லாம் பொறுப்பைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கேன் எச்சரிக்கை இல்லாமல் கடைக்குப் போனது, ஆபத்து பொதுவாகத் தெரிந்ததும் அல்ல, அதுவே போதும் என்றார்கள். நான் எழுந்து உண்மையைச் சொல்லிவிட்டால் ஏதோ ஒரு சுமை இறங்கும் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்திருக்கிறது. சட்டம் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. பார்க்காததுதான் சரி. பேச்சியம்மாளின் மூச்சுக்கும் என் மனச்சாட்சிக்கும் என்ன சம்பந்தம்? இந்தச் சட்டத்தின் கண்டிப்பைப் பற்றி வியாபாரிகள் உங்களிடம் வந்து புலம்புவார்கள். அவர்கள் புலம்பும்போது, கவனமாக இருந்தவர் கூண்டில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மைதீன் பாய் நஷ்டஈட்டுக்காகச் சரக்கு வண்டியை விற்றார், மிச்சத்தைத் தவணையில் கட்டினார். ஷெட் நின்றது. கேனில் எச்சரிக்கை வந்தது, படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படத்தோடு. இரண்டு கடைக்காரர்கள் ‘இந்தப் படத்தப் பாத்தா எவன் வாங்குவான்’ என்று சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் அந்தக் கேன்களை அப்படியே வேறு ஊருக்கு அனுப்பினார். லேபிளை மாற்றவில்லை.

எல்லாம் முடிந்தபின் பேச்சியம்மாளைப் பார்க்கக் குலசேகரன்பட்டினம் போனேன். வாசலில் உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தார். கடற்காற்று வரும் பக்கமாகப் பாய் போட்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. நான் சொல்ல வந்ததை ஆரம்பித்தேன். லேபிளைச் சொன்னேன், கேட்காமல் விட்ட கேள்வியைச் சொன்னேன். பாதியில் என் குரல் உடைந்தது.

அவர் ஓலையை மடியில் வைத்தார்.

“போன வாரம் அந்தப் பாயி வந்து ஒரு பாடு அழுதுட்டுப் போனாரு. நீங்களும் அழுதுறாதிய சார். ஆளாளுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மூச்சு பத்தாது.”

பக்கத்து வீட்டு மதினி வாசல் சுவரில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “அவள இழுத்துப் போட்டதுல எனக்கு இடுப்புப் போச்சு, எங்கிட்ட யாரும் அழ வரல” என்றார். பேச்சியம்மாள் சிரிக்க ஆரம்பித்து, அது இருமலாக மாறி, அடங்க நேரமாயிற்று. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

“மன்னிச்சேன்னு சொல்லுததுக்கு எனக்கு மனசு வரல” என்றார். “வந்தாச் சொல்லுதேன். இப்பம் ஒரு காரியம் செய்யுங்க. இந்த வருசமும் தசரா வருது. எங்க ஆளுங்க பழையபடி ரெண்டையும் கொண்டுகிட்டுத்தான் போவாளுவ. நான் சொன்னா, ‘ஒனக்கு முன்னாடியே ஈளை, மூச்சுக் கோளாறு, அதாம் அப்படி ஆயிட்டு’ங்காளுவ. நீங்க வக்கீலு. கேஸு தோத்த வக்கீலு வந்து சொன்னாக் கேப்பாளுவ.”

அப்படித்தான் வருடாவருடம் போகிறேன். தசராவுக்கு முந்தின வாரம், வேலைக்குப் போகும் பெண்களையும் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களையும் ஒரு கூடத்தில் கூட்டுகிறார்கள். நான் பேசுகிறேன். முதல் வருடம் பாதிப் பேர் எழுந்து போனார்கள். நான் பேசிய அதே வாரம் இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் இரண்டையும் கலந்துவிட்டார். நல்லவேளை, திறந்த முற்றம், ஓடி வந்துவிட்டார். அவர் என் பேச்சைக் கேட்டவர்தான். ஒருமுறை சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள்.

மனசு வந்துவிட்டதா என்று பேச்சியம்மாளிடம் நான் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை. ஆனால் இந்த வருடக் கூட்டத்துக்கு அவர் வந்தார். கதவோரம், காற்று படும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

நான் பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்தார். “எல்லாஞ் சரி சார். சேக்கக் கூடாது, புரியுது. அப்பம் அந்தச் சாயம் எப்படிப் போவும்? வீட்டுக்காரவிய சாயங்காலம் வந்து நிக்காவளே?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன்.

“ஏளா” என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். “தேங்கா எண்ணெயத் தேச்சு விடு.” மூச்சு வாங்கினார். “ஒரு பொழுது ஊறட்டும். பெறவு சோப்புத் தூளும் வெந்நியும் போட்டுத் தேயி.” மறுபடியும் நிறுத்தினார். வீடு விடுகிறவர்கள் உட்கார்ந்திருந்த வரிசையை அவர் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “ரெண்டு மடங்கு நேரம் ஆவும். அந்த நேரத்துக்கும் சேத்துக் கூலி கேளு.”